ஒற்றியூருக்கு நாலு நாள்

முதல் நாள்: திருவல்லிக்கேணி

நெல்லை எக்ஸ்பிரஸ் எழும்பூருக்கு வந்தபோது இன்னும் சரியாக விடியவில்லை. கோவில்பட்டியில் ஏறியதிலிருந்து தூக்கமும் இல்லை. கையில் டால்ஸ்டாய் சிறுகதைத் தொகுப்பு. தூக்கம் வராததற்கு அதில் ஒரு கதையும் காரணம். அக்சியோனவ் என்ற வியாபாரி, செய்யாத கொலைக்காகச் சைபீரியாவில் 26 வருடம் கிடக்கிறான். உண்மையில் கொன்றவன் அதே சிறைக்கு வந்து, அவன் காலில் விழுந்து அழுது, பிறகு அதிகாரிகளிடமும் ஒப்புக்கொள்கிறான். விடுதலை உத்தரவு வருகிறது. அதற்குள் அக்சியோனவ் செத்துப்போய்விட்டான். 1872இல் வந்த கதை. ஊரில் அலமாரியில் பல வருடமாக இருந்த புத்தகத்தை இந்தப் பயணத்துக்கு ஏன் எடுத்து வந்தேன் என்று கேட்காதீர்கள். காரணத்தைத்தான் இந்தக் குறிப்புகளில் எழுதப் போகிறேன்.

2005இல் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் மூன்று பேர் ஒரே அறையில் இருந்தோம். அங்கே யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடும் வழக்கமில்லை, ஊர்தான் பெயர். நான் கோவில்பட்டி. என் வயதில் ஒருவன் வந்தவாசி. மூத்தவர் ஒருவர், தூத்துக்குடிப் பக்கம், அவர் மட்டும் அண்ணாச்சி. அண்ணாச்சியின் தகரப் பெட்டியிலிருந்து நான் 3,200 ரூபாய் எடுத்தேன். அம்மாவுக்கு மருந்து, தங்கைக்கு வளைகாப்பு என்று ஏதாவது இருந்தால் எழுதவாவது நன்றாக இருக்கும். நோக்கியா 1100 வாங்கத்தான் எடுத்தேன். டார்ச் லைட் வைத்த போன். ஊரிலிருந்து மாமா அனுப்பினார் என்று சொன்னேன். பழி வந்தவாசி மேல் விழுந்தது. அவன் அப்போது இரண்டு மாதமாக வேலையில்லாமல் இருந்தான், அதுவே போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். நான் மாடிப்படி வரைக்கும் போய் வழியனுப்பினேன். அதைத்தான் இன்று வரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை. எடுத்ததைவிட அந்த மாடிப்படி.

மூன்று மாதம் கழித்துச் சம்பளம் கைக்கு வந்ததும் 3,200 ரூபாயைப் பார்த்தசாரதி கோயில் உண்டியலில் போட்டேன். அன்றைக்கு மனம் லேசாகிவிட்டது என்று வேறு நினைத்துக்கொண்டேன்.

இன்று அந்த உண்டியல் முன்னால் மறுபடி நின்றேன். வைணவர்கள் சரம சுலோகம் என்று போற்றுவது கீதையின் 18ஆம் அத்தியாயத்தில் வருகிறது: எல்லாத் தர்மங்களையும் விட்டு என்னை ஒருவனையே சரணடை, எல்லாப் பாவங்களிலிருந்தும் உன்னை விடுவிக்கிறேன், கவலைப்படாதே. சொன்னவர் தேரோட்டி, அதாவது இங்கே மீசையோடு நிற்கும் இவர்தான். அந்த வயதில் எனக்கு அந்த 'கவலைப்படாதே' மட்டும் காதில் விழுந்தது. உற்சவர் முகத்தைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பீஷ்மர் விட்ட அம்புகளின் வடு அந்த முகத்தில் இருக்கிறது. தினமும் அலங்காரம் நடக்கிறது, வடு அப்படியேதான் இருக்கிறது.

பழைய டீக்கடை பாய் இன்னும் கடையில் இருக்கிறார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. "ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தேன் தம்பி" என்றார். போவதற்கு முன், தன் கடையில் கணக்கு வைத்திருந்த மேன்ஷன் ஆட்களையெல்லாம் நம்பர் தேடிப் பிடித்துக் கூப்பிட்டிருக்கிறார். கொடுக்கல் வாங்கல் ஏதாவது பாக்கி இருந்தால் சொல்லுங்கள், மனசு நோகும்படி பேசியிருந்தால் ஹலால் பண்ணிவிடுங்கள், அதாவது பொறுத்துவிடுங்கள் என்று. "உன் நம்பர்தான் கிடைக்கலை" என்றார். டீயைக் கையில் வைத்துக்கொண்டு நான் தலையை ஆட்டினேன்.

தவ்பாவுக்கு, அதாவது பாவத்திலிருந்து மீண்டு மன்னிப்புக் கேட்பதற்கு, நிபந்தனைகள் மூன்று என்றார் பாய். செய்யும் பாவத்தை விட வேண்டும், செய்ததற்கு வருந்த வேண்டும், இனிச் செய்வதில்லை என்று உறுதி எடுக்க வேண்டும். பாவம் இன்னொரு மனிதன் சம்பந்தப்பட்டது என்றால் நாலாவதும் உண்டு. அவனுக்குரிய ஹக்கை, அவன் உரிமையை, அவனிடமே சேர்க்க வேண்டும். அது பாக்கி இருக்கும்வரை மற்ற மூன்றும் போதாது. அப்புறம் ஒரு ஹதீஸ் சொன்னார். நபிகள் தோழர்களிடம் 'திவாலானவன் யார் தெரியுமா?' என்று கேட்டாராம். காசில்லாதவன் என்று அவர்கள் சொல்ல, இல்லை என்றாராம். மறுமை நாளில் ஒருவன் தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாம் சுமந்துகொண்டு வருவான். ஆனால் இவனைத் திட்டியிருப்பான், அவன்மேல் அவதூறு சொல்லியிருப்பான், இன்னொருவன் பொருளைத் தின்றிருப்பான். அவனுடைய நன்மைகளை எடுத்து அவர்களுக்குக் கொடுப்பார்கள். அது தீர்ந்துபோனால் அவர்களுடைய பாவங்களை எடுத்து இவன் தலையில் போடுவார்கள். பாய்க்கு என் கதை தெரியாது. பொதுவாகத்தான் சொன்னார். எனக்கு டீ இறங்கவில்லை.

அண்ணாச்சி மூன்று வருடத்துக்கு முன் இறந்துவிட்டாராம். வந்தவாசி திருவொற்றியூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறானாம். நம்பரும் விலாசமும் எழுதிக் கொடுத்தார். "நாளைக்கே போய்ப் பாரு, சந்தோஷப்படுவான்."

அஸர் என்ற பிற்பகல் தொழுகைக்குப் பாய் கடையை விட்டுக் கிளம்பினார். பெரிய மசூதி வாசல் வரை கூடவே நடந்தேன். வாலாஜா நவாப் குடும்பத்தார் 1795இல் கட்டிய பள்ளிவாசல், சாம்பல் நிறக் கருங்கல், முன்னால் பெரிய திடல். வெளியே நின்று புறாக்களைப் பார்த்துவிட்டு லாட்ஜுக்குத் திரும்பினேன்.

இரண்டாம் நாள்: மயிலாப்பூர், சாந்தோம், கடற்கரை

திருவொற்றியூர் போகவில்லை. சதுர்த்தி நெருங்குவதால் மாட வீதியெங்கும் களிமண் பிள்ளையாரும் காகிதக் குடையும். அதைப் பார்க்காமல் எப்படிப் போவது என்று ஒரு சமாதானம்.

கபாலி கோயிலில் ஒரு சுற்று. பிரமனின் ஐந்தாவது தலையைக் கிள்ளியதும் அந்தக் கபாலம் சிவன் கையிலேயே ஒட்டிக்கொண்டு, காசி போகும்வரை விடவில்லை என்கிறது புராணம். இங்கே அம்பாளுக்கும் ஒரு சாபக் கதை உண்டு. கவனம் மயில் மேல் போன குற்றத்துக்காக மயிலாகவே பிறந்து புன்னை மரத்தடியில் பூசை செய்தாள். இந்தச் சின்னத் தவறுக்கா இவ்வளவு என்று சிறு வயதில் தோன்றியிருக்கிறது. இப்போதும் தோன்றுகிறது.

சாந்தோமில் அதிக நேரம் இருந்துவிட்டேன். போர்த்துகீசியர் 1523இல் கட்டிய கோயில் இருந்த இடத்தில், 1896இல் எழுப்பிய கட்டடம் இப்போது நிற்பது. வெள்ளைக் கோபுரம், உள்ளே வண்ணக் கண்ணாடிகள், தோமாவின் கல்லறை. ஓரத்தில் பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் மரக்கூண்டு, அதன் பக்கத்து பெஞ்சில் நாலைந்து பேர். நான் கிறிஸ்தவன் இல்லை, வரிசையில் உட்கார உரிமையும் இல்லை. ஆனாலும் அந்த மரச்சல்லடையைப் பார்த்து ஒரு பொறாமை வந்தது. முகம் தெரியாத ஒருவரிடம் சொல்லிவிட்டு எழுந்து போகலாமே!

பக்கத்தில் இருந்த பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். "நாங்க பாவசங்கீர்த்தனம்னு சொல்லுவோம். இப்ப ஒப்புரவுங்கறாங்க" என்றார். எனக்கு ஒப்புரவு என்றால் வள்ளுவர்தான். ஒப்புரவறிதல், ஊருக்கு உதவுவது. அதே சொல் இங்கே முறிந்த உறவைச் சேர்ப்பதற்கு ஆகிவருகிறது. மத்தேயு ஐந்தாம் அதிகாரத்திலும் இந்தச் சொல்தான். காணிக்கையோடு வந்தவனுக்கு, சகோதரனுக்குத் தன்மேல் குறை உண்டு என்பது பலிபீடத்தின் முன்னால் நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய், முதலில் அவனோடு ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்த வேண்டும். 2005இல் உண்டியல் முன்னால் நின்ற எனக்கு யாராவது இதைச் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தாலும் போயிருக்க மாட்டேன், அது வேறு.

"திருடினதைச் சொன்னா சாமியார் மன்னிச்சிருவாரா பாட்டி?"

"திருப்பிக் குடுத்தியான்னு கேப்பாரு" என்றார் பாட்டி, ஜெபமாலையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சக்கேயு ஞாபகம் வந்தார். வரி வசூலித்துக் கொழுத்த குள்ள மனிதர். யாரிடமாவது அநியாயமாக வாங்கியிருந்தால் நாலு மடங்கு திருப்பித் தருகிறேன் என்று இயேசுவிடம் சொன்னவர். நாலு மடங்கு என்றால் 12,800. இருபது வருடத்துக்கு வட்டி போடுவதா, பணவீக்கம் பார்ப்பதா என்று ரயிலிலிருந்து குழம்பிக்கொண்டிருந்தவனுக்கு இது தெளிவான கணக்காகப் பட்டது. வெளியே வந்து ஏடிஎம்மில் பதின்மூன்றாயிரம் எடுத்தேன். 26 ஐந்நூறு ரூபாய் நோட்டுகள்.

மாலையில் கண்ணகி சிலை. மாநிலக் கல்லூரிக்கு எதிரே, கையில் சிலம்போடு. 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது வைத்தது. 2001இல் எடுத்தார்கள், 2006இல் திரும்ப வைத்தார்கள். சிலப்பதிகாரத்தில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் இடம் என்றால் எல்லோருக்கும் பாண்டியன்தான் நினைவுக்கு வருவான்: "யானோ அரசன் யானே கள்வன்". பள்ளியில் மனப்பாடம் செய்த வரி. அவன் சொன்னது பெரிய வார்த்தைதான். ஆனால் சொன்ன கையோடு "கெடுகவென் ஆயுள்" என்று விழுந்து செத்துப்போகிறான். அதற்கப்புறம் கண்ணகி முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை.

என்னைக் கேட்டால் அதற்கு முந்தைய இடம் ஒன்று இருக்கிறது, கொலைக்களக் காதையில். மாதரி வீட்டில் கண்ணகி சமைத்துப் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு, சிலம்பை விற்கக் கிளம்பும் முன் கோவலன் வாய் திறக்கிறான்.

"இருமுது குரவர் ஏவலும் பிழைத்தேன்
சிறுமுதுக் குறைவிக்குச் சிறுமையும் செய்தேன்"

பெற்றோர் சொல்லை மீறினேன், உனக்கும் சிறுமை செய்தேன், தவறு என்றுகூடப் பார்க்கவில்லை. எழு என்றதும் எழுந்து வந்தாயே, என்ன காரியம் செய்தாய்! பரவாயில்லை என்று கண்ணகி சொல்லியிருக்கலாம், எந்த சினிமாவிலும் அப்படித்தான் சொல்வார்கள். அவள் சொல்வது: "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்." யாரும் மதிக்காத ஒழுக்கத்தைச் செய்தீர்கள். நான் மாறாத உள்ளம் கொண்டவள், அதனால் எழுந்து வந்தேன். அவ்வளவுதான். குற்றத்தைக் குற்றம் என்று அவன் முகத்துக்கு நேரே பெயர் சொல்லிவிட்டு, அடுத்து சிலம்பு ஒன்றோடு அவனைப் போக விடுகிறாள். மன்னித்தாளா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. தமிழில் நாம் பழைய நாளில் பொறுத்தல் என்றுதான் சொல்லியிருக்கிறோம், வள்ளுவர் வைத்த அதிகாரமும் பொறையுடைமைதான். பொறுப்பது என்றால் சுமப்பது. சுமை இறங்கிவிட்டதாக அதில் அர்த்தமில்லை.

சுண்டல் வாங்கிக்கொண்டு இருட்டும்வரை மணலில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள்: சௌகார்பேட்டை

இன்றும் போகவில்லை. காலையில் லாட்ஜ் வாசலில் ஆட்டோ பிடித்து "திருவொற்றியூர்" என்றவன், பாரிமுனை வந்ததும் "இங்கேயே நிறுத்துங்க" என்று இறங்கிவிட்டேன். தங்கசாலைத் தெருவில் கச்சோரி, ஜிலேபி, மசாலா பால். பயந்தவனுக்கு நன்றாகப் பசிக்கிறது.

சமணர்களுக்கு இது பர்யூஷண் காலம். சுவேதாம்பரர்கள் எட்டு நாள் விரதமிருந்து, கடைசி நாளான சம்வத்சரியில் தெரிந்தவர்கள் எல்லோரிடமும் 'மிச்சாமி துக்கடம்' என்று சொல்வார்கள். பிராகிருதம். நான் செய்த தீங்கு பலனற்றுப் போகட்டும் என்று பொருள். மிண்ட் தெருவில் ஒரு துணிக்கடைக்காரர் ராஜஸ்தானி வாசம் வீசும் நல்ல தமிழில் விளக்கினார். "நேர்ல போய்க் கை கூப்பிச் சொல்லணும் சார். இப்ப பசங்க வாட்ஸப்ல ஒரே மெசேஜ், எல்லா குரூப்புக்கும்." அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். முந்தின இரவு நானும் வந்தவாசிக்கு ஒரு செய்தி தட்டச்சு செய்து, அழித்து, மறுபடி தட்டச்சு செய்துகொண்டிருந்தவன்தான்.

மதியத்துக்கு மேல் நல்ல மழை. என்.எஸ்.சி. போஸ் சாலையில் முழங்கால் தண்ணீர். வேறெதுவும் இல்லை.

நாலாம் நாள்: திருவொற்றியூர்

அரசினர் தோட்டத்தில் மெட்ரோ ஏறினால் திருவொற்றியூர் தேரடியில் இறங்கலாம், மாற வேண்டியதுகூட இல்லை. தண்டையார்பேட்டைப் பக்கம் வண்டி பூமிக்கு அடியிலிருந்து மேலே வருகிறது. இந்த ஒரு மணி நேரத்துக்குள் அடங்கும் தூரத்துக்குத்தான் எனக்கு நாலு நாள். இருபது வருடம் என்றும் சொல்லலாம்.

பட்டறை பத்து மணிக்குத்தான் திறக்கும். அதுவரை தியாகராஜர் கோயில். மூலவர் ஆதிபுரீசுவரர் வருடம் முழுக்கக் கவசத்துக்குள் இருக்கிறார், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்தான் கழற்றுவார்கள். நான் தேடி வந்தது அவரை அல்ல, மகிழ மரத்தை.

சுந்தரர் இங்கே சங்கிலியாரை மணக்க ஆசைப்படுகிறார். உன்னை விட்டுப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். ஏற்கனவே திருவாரூரில் பரவையார் இருக்கிறார், எனவே மனிதர் ஒரு வேலை செய்கிறார். சந்நிதியில் நான் சத்தியம் செய்யும்போது நீங்கள் கொஞ்சம் மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள் என்று சிவனிடமே ஏற்பாடு. சிவன் சரி என்றுவிட்டு, சங்கிலியாரின் கனவில் போய், சந்நிதியில் வேண்டாம், மகிழடியில் சத்தியம் கேள் என்று சொல்லிவிடுகிறார். மாட்டிக்கொண்டார். மாசி மாதம் மகிழடி சேவை என்று இன்றும் இதை விழாவாகக் கொண்டாடுகிறார்கள். அப்புறம் திருவாரூர் வசந்த விழா ஞாபகம் வர, சத்தியத்தை மீறிக் கிளம்புகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகிறது.

அந்த நிலையில் அவர் பாடியவை தேவாரத்தில் ஏழாம் திருமுறையில் இருக்கின்றன. பக்தர்கள் உருகிப் படிக்கிறார்கள், நான் அவற்றை ஒரு குற்றவாளியின் வாக்குமூலமாக வரிசைப்படுத்திப் படித்தேன். முதலில் ஒற்றியூர்ப் பதிகம்: "பிழுக்கை வாரியும் பால்கொள்வர்". பாலில் ஆட்டுப் புழுக்கை விழுந்தால் புழுக்கையை வாரிப் போட்டுவிட்டுப் பாலை எடுத்துக்கொள்கிறார்களே, என்னையும் அப்படி எடுத்துக்கொள். இதைவிட அழகாக யாரும் கெஞ்ச முடியாது. திருமுல்லைவாயிலில் "சங்கிலிக்கா என்கண் கொண்ட பண்ப" என்கிறார். காரணம் தெரிந்தே இருக்கிறது. திருவெண்பாக்கத்தில் குரல் மாறுகிறது: "பிழையுளன பொறுத்திடுவர் என்றடியேன் பிழைத்தக்கால்". நீ பொறுப்பாய் என்று நம்பித்தானே தப்பு செய்தேன்! கோயிலுக்குள் இருக்கிறாயா என்று கேட்க, "உளோம் போகீர்" என்று பதில் வருகிறது. இருக்கிறோம், போங்கள். கையில் ஒரு ஊன்றுகோல் மட்டும் கிடைக்கிறது. அந்தத் தலம் பூண்டி நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிட்டது, கோயிலைக் கரையில் மறுபடி கட்டியிருக்கிறார்கள். சென்னைக்காரர்கள் குடிக்கும் தண்ணீரில் அந்த 'உளோம் போகீர்' கொஞ்சம் கலந்திருக்கிறது. காஞ்சியில் ஒரு கண் வருகிறது. ஒரு கண் வந்ததும் திருவாரூரில் தொனியைப் பாருங்கள்: "குற்றம் ஒன்றும் செய்த தில்லை கொத்தை ஆக்கினீர்". நான் ஒன்றும் செய்யவில்லை, நீங்கள்தான் குருடாக்கினீர்கள். மற்ற கண்ணும் கிடைத்துவிடுகிறது.

கோபித்துக் கதவடைத்த பரவையாரிடம் சிவனே இரண்டு முறை தூது நடக்கிறார். ஒற்றியூரில் சத்தியத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பெண்ணிடம் யாரும் வந்து ஒரு வார்த்தை சொன்னதாகத் தெரியவில்லை. இத்தனை பதிகத்தில் ஒன்றையாவது அவள் வாசலில் நின்று பாடியிருக்கலாம். நாயன்மாரைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லைதான். மரத்தடியில் பொறுக்கிய ஒரு மகிழம்பூவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு எழுந்தேன்.

பட்டறை ஒரு சந்துக்குள். வந்தவாசி குனிந்து ஒரு ஷாஃப்ட்டைக் கடைந்துகொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்துவிட்டு, கடைசல் முடியும்வரை நிறுத்தவில்லை. அப்புறம் சுவிட்சை அணைத்தான்.

"கோவில்பட்டி."

"ம்."

உட்காரச் சொன்னான். நான் நின்றபடியே சொல்லிவிட்டேன். ரயிலில், மசூதி வாசலில், மணலில் என்று எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்திருந்தேன். வாயில் வந்தது மூன்று வாக்கியம்தான். அவன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

"போன் வந்த அன்னிக்கே எனக்குத் தெரியும்" என்றான். "உங்க மாமா மணியார்டர் அனுப்பவே அழுவாரு. போனா வாங்கித் தரப்போறாரு?"

"அப்புறம் ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நம்பியிருப்பாங்களா? நீ வேலையில இருந்த, நான் சும்மா இருந்தேன்."

கொஞ்ச நேரம் கழித்து, ஏதோ ஞாபகம் வந்ததுபோல் சொன்னான். அந்தப் பணம் அண்ணாச்சி தன் மகளுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட வைத்திருந்தது. வேலை கிடைத்ததும் மாதம் இருநூறு என்று 16 மாதம் இவன் அண்ணாச்சிக்கு அனுப்பியிருக்கிறான். "பாவமா இருந்துச்சு, கட்டினேன். கட்டினதாலயே நான்தான் எடுத்தேன்னு அவருக்கு உறுதியாயிடுச்சு. ஊருக்கு ஒரு தடவை போயிருந்தப்ப, திருந்திட்டேடான்னு தோள்ல தட்டினாரு."

நான் கவரை நீட்டினேன். நாலு மடங்கு, சக்கேயு என்று ஏதோ உளறினேன். அவன் நோட்டுகளை எண்ணி ஏழு தாளை உருவிக்கொண்டு, மேசை டிராயரிலிருந்து மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்து மிச்சத்தோடு சேர்த்து என் கையில் வைத்தான்.

"மூவாயிரத்து இருநூறு. சரியா?"

"வந்தவாசி, என்னை..."

"அண்ணாச்சி பொண்ணு இப்ப டீச்சரா இருக்கு. அது இன்னும் என்னைத்தான் நினைச்சிட்டு இருக்கு. அவங்கப்பா சாவுக்குப் போயிருந்தப்ப மாலை போடக் கிட்ட போனேன், அது பெட்டிச் சாவியை இறுக்கிப் பிடிச்சிக்கிச்சு." பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து நம்பர் எழுதினான். "அதுகிட்ட சொல்லு. சொல்லிட்டு எனக்கு ஒரு போன் பண்ணு."

டீ சொல்லட்டுமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சரி என்று லேத்தைப் போட்டுவிட்டான்.

திரும்பி வரும்போது தேரடியில் கோயில் வாசலைத் தாண்டித்தான் ஸ்டேஷனுக்குப் போக வேண்டும். பையில் 9,800 ரூபாய் இருந்தது. உள்ளே போகவில்லை.

இதை எழும்பூரில் வண்டிக்குள் உட்கார்ந்து எழுதுகிறேன். அண்ணாச்சி மகளுக்கு, உங்கள் அப்பாவோடு அறையில் இருந்தவன், ஒரு விஷயம் பேச வேண்டும் என்று மட்டும் செய்தி அனுப்பினேன். ஒன்பது மணிக்கு மேல் கூப்பிடச் சொல்லியிருக்கிறார். அப்போது வண்டி செங்கல்பட்டுப் பக்கம் இருக்கும். அங்கே சிக்னல் நன்றாகவே கிடைக்கும்.